சிங்கப்பூருக்கு முன்னால் ஒரு மொட்டை

காலில் எல்லாம் விழ முடியாது அண்ணே. நான் சொன்னது உண்மை. உண்மையைச் சொல்லிவிட்டு எதற்குக் காலில் விழ வேண்டும்? நீங்களே சொல்லுங்கள். வேண்டாம், சொல்ல வேண்டாம். நீங்களும் "பெரியவங்க, விட்டுக்கொடுத்துப் போப்பா" என்றுதான் சொல்வீர்கள். மூஞ்சியைப் பார்த்தாலே தெரிகிறது.

பட்டு வேட்டியையும் சந்தனத்தையும் பார்த்துவிட்டுக் கல்யாணமா என்று கேட்டீர்கள். கல்யாணம் இல்லை. காதுகுத்து. எங்கள் அக்கா பிள்ளைகள் இரண்டு பேருக்கும். நான்தான் தாய்மாமன். மொட்டை அடித்துக் காது குத்தி முடிகிற வரைக்கும் பிள்ளை என் மடியில்தான் உட்கார வேண்டும், அதுதானே முறை? அங்கே கருப்பராயன் கோயிலில் பந்தல் போட்டிருக்கிறது. கிடா வெட்டியாகிவிட்டது. ஆசாரி ஊசியோடு உட்கார்ந்திருக்கிறார். மடி மட்டும் இங்கே பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறது. எந்த ஊர்ப் பஸ் என்றுகூடப் பார்க்காமல்தான் ஏறினேன். தாராபுரம் என்று கண்டக்டர் சொன்ன பிறகுதான் தெரியும்.

எல்லாம் சிங்கப்பூரால் வந்தது.

எங்கள் மச்சான், அக்கா வீட்டுக்காரர், ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறிக் கமிஷன் மண்டி வைத்திருக்கிறார். பெயர் ராஜ்பிரகாஷ். எதிர் மண்டிக்காரர் அரையாண்டு லீவில் குடும்பத்தோடு சிங்கப்பூர் போய்விட்டு வந்தார். போனவர் சும்மா வந்தாரா? தீம் பார்க்கில் பிள்ளைகள் ராட்டினத்தில் கத்துவது, பொம்மையைக் கட்டிப்பிடிப்பது என்று நாள் முழுக்க ஸ்டேட்டஸ். மச்சான் ஒன்று விடாமல் பார்த்தார். பார்த்துவிட்டு, "புடலங்காய அழுக விட்டவன் புள்ளைகெல்லாம் போகுது, என் புள்ளைக போகாதா?" என்றார். அவ்வளவுதான். அதுதான் அண்ணே காரணம். பிள்ளைகளுக்காக என்று அப்புறம் சொல்லிக்கொண்டார்கள்.

பிள்ளைகள் என்றால் ஆதிரனுக்கு ஐந்து வயது, இனியாவுக்கு மூன்று. அவர்களுக்குப் பழனி தேர்க்கடையில் ஒரு பலூன் வாங்கிக் கொடுத்தாலே போதும்.

நான் அப்போது சும்மா இருந்தேன். பிளஸ் ஒன் பாதியில் நின்றுவிட்டேன். கெமிஸ்ட்ரி மிஸ் போர்டில் தப்பாக எழுதினார். தப்பு மிஸ் என்றேன். வெளியே போ என்றார். போனேன். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை, நானும் போகவில்லை. அது வேறு கதை. மச்சான்தான் சொன்னார், "மாப்ள, நீ சும்மாதான இருக்க. எல்லாத்தையும் போன்ல பாத்து ப்ளான் போட்டுரு. நீயும் வர்ற."

நீயும் வர்ற. அவர் வாயால் சொன்னது. அக்கா தோசை ஊற்றிக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். நான் கேட்கவில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் ஒருநாளும் கேட்கவில்லை.

போட்டேன் அண்ணே ப்ளான். சும்மா போடவில்லை. அங்கே போய் வந்த தமிழ்க் குடும்பம் ஒவ்வொன்றும் எடுத்துப்போட்ட வீடியோவை எல்லாம் பார்த்தேன். கேட்டைத் திறந்ததும் கூட்டமெல்லாம் வலது பக்கம் ஓடும், நாம் இடது பக்கம் போக வேண்டும். சின்னப் பிள்ளை ராட்டினங்கள் அந்தப் பக்கம். மத்தியானம் இனியா தூங்கிவிடுவாள், அந்த நேரத்துக்கு ஏசி போட்ட பொம்மை நாடகம் ஒன்று இருக்கிறது, அதில் உட்கார்ந்தால் அவளும் தூங்கலாம், பெரியவர்கள் காலையும் நீட்டலாம். தள்ளுவண்டி எங்கே வாடகைக்கு எடுப்பது, தயிர்சாதத்தை எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது, மழை வந்தால் எதற்குள் ஓடுவது, எல்லாம் இன்னும் மனப்பாடம். இருட்டுக்குள் போகிற ரயில் ஒன்று இருக்கிறது. முதல் வளைவில் எல்லோரும் இடது பக்கம் பார்ப்பார்கள், ஆனால் வலது பக்கம்தான் பொம்மை ஒன்று கையை நீட்டும். அதில் ஏற வேண்டும் என்றெல்லாம் எனக்கு ஆசை இல்லை. தெரியும், அவ்வளவுதான்.

அந்த ரயிலுக்கு உயரக் கணக்கு உண்டு. அதற்குக் குட்டையாக இருந்தால் ஏற்ற மாட்டார்கள். சமையலறை நிலைக்கதவில் பென்சிலால் கோடு போட்டு ஆதிரனை நிறுத்திப் பார்த்தேன். இரண்டு விரல்கடை குறைகிறது. மச்சான், "ஷூவுக்குள்ள துணிய மடிச்சு வெச்சு ஏத்திருவோம்" என்றார். நான் ஆதிரனிடம் நேராகச் சொல்லிவிட்டேன், "நீ அதுல ஏற முடியாதுடா. குட்டையா இருக்க." அன்றைக்கெல்லாம் அழுதான். அக்கா கோபித்துக்கொண்டாள், "அத அங்க போய்ச் சொல்லிக்கலாம்ல லோகு?" என்று. அவ்வளவு தூரம் போய் அழுவதற்கு இங்கேயே அழுது முடித்துவிட்டால் என்ன? சரிதானே? சாயங்காலம் அவனே வந்து, "மாமா, நீ ஏறுவியா?" என்றான். ஏறுவேன் என்றேன். "அப்ப நான் கீழ நின்னு உனக்கு டாட்டா காட்டுறேன்" என்றான். அவ்வளவுதான், பிள்ளைகள் மறந்துவிடும்.

அப்புறம் அத்தை வந்தார். மச்சானுடைய அம்மா, மங்கையர்க்கரசி. முட்டிவலி. உட்கார்ந்தால் எழ ஆள் வேண்டும், எழுந்தால் உட்கார ஆள் வேண்டும். ஆனால் வாய்க்கு வலியே கிடையாது. "கடல் தாண்டுறதுக்கு முன்னால குலசாமிக்கு முடியெறக்கி காது குத்திரோணும். சாமிக்குச் சொல்லாம புள்ளைகளத் தண்ணிக்கு அந்தாண்ட கொண்டு போகக்கூடாது" என்றார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அந்தப் பார்க்கில் பாதி தண்ணீர் விளையாட்டு அண்ணே. குத்தின காதோடு தண்ணீரில் இறங்கினால் சீழ் பிடிக்காதா? அதைத்தான் சொன்னேன். "போயிட்டு வந்து குத்திக்கலாம் அத்தை. இல்லேன்னா காது பழுத்து, புள்ளைக ஆசுபத்திரிலதான் ராட்டினம் சுத்தும்."

"வாயக் கழுவுடா!" என்று கத்தினார். "நல்ல காரியம் பேசற எடத்துல ஆசுபத்திரிங்கறான் பாரு. இவன் தாய்மாமனா, எமனா?"

"எமன் உங்களுக்குத்தான் அத்தை முதல்ல வருவாரு, வயசு வரிசைப்படி" என்றேன்.

சிரிக்கிறீர்கள். அங்கே யாரும் சிரிக்கவில்லை.

கடைசியில் முதலில் மொட்டை, காதுகுத்து, மறுவாரம் சிங்கப்பூர் என்று முடிவானது. நான் உட்கார்ந்து தண்ணீர் விளையாட்டை எல்லாம் ப்ளானிலிருந்து எடுத்துவிட்டேன். மொட்டைத் தலைக்கு வெயில் ஆகாது என்று நிழல் இருக்கிற பக்கமாக எல்லாவற்றையும் மாற்றினேன். புதிதாகப் போட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நல்லா இருக்குடா என்று ஒரு ஆள் சொல்லவில்லை.

டிக்கெட் போடுகிற அன்றைக்கு மச்சான் பக்கத்தில் வந்து தோளில் கை போட்டார். அவர் தோளில் கை போட்டாலே காய் அழுகல் என்று அர்த்தம், மண்டியில் பார்த்திருக்கிறேன். "மாப்ள, இந்தத் தடவ அம்மா வரட்டும். உனக்கென்ன, வயசிருக்கு. அடுத்த தடவ நீதான் மொத ஆளு."

சரி என்றேன். எனக்கு ஒன்றுமில்லை அண்ணே. சத்தியமாக ஒன்றுமில்லை. பாஸ்போர்ட் எடுத்தேன், அது வேறு எதற்காவது உதவும். பேன்ட் ஒன்று தைத்தேன், அதை இங்கேயும் போடலாம். அத்தைக்கு மட்டும் ஒரு ராட்டினத்திலும் ஏற முடியாது, அதைத்தான் யோசித்தேன். முட்டியை மடக்க முடியாத ஆள் அந்த ரயிலில் எப்படி உட்காருவார்? அதற்கு ஒரு சீட்டா?

பதில் எனக்கு அடுத்த நாளே கிடைத்தது. மச்சான் மாடிப்படியில் நின்று யாரோ சிநேகிதனிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் கீழே பைக் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒட்டுக் கேட்கவில்லை, அவர் பேசினால் தெருவுக்கே கேட்கும். "அம்மாவ வீல்சேர்ல உக்கார வெச்சுட்டா க்யூவே நிக்க வேண்டாமாம்டா. கூட இருக்கற எல்லாத்தையும் தனி வழியில விட்டுருவானாம். மணிக்கணக்கா எவன் நிக்கறது? அந்தப் பயலக் கூட்டிட்டுப் போயி என்ன செய்யறது, பேசிப் பேசியே சாவடிப்பான்."

அப்படி அங்கே விடுவார்களா, விட மாட்டார்களா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் மச்சான் அப்படித்தான் நினைத்தார். அது தெரியும்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. எவ்வளவு பொறுமை பாருங்கள்.

ஆனால் அத்தை சும்மா இருந்தாரா? புதிதாக ஷூ வாங்கினார். வெள்ளை ஷூ, பள்ளிக்கூடப் பிள்ளைகள் பி.டி. பீரியடுக்குப் போடுமே அந்த மாதிரி. சேலைக்குக் கீழே அதைப் போட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து ஹாலில் நடந்து பழகினார். பால்காரர் வந்தால் சிங்கப்பூர். கீரைக்காரம்மா வந்தால் சிங்கப்பூர். "உன் மாமனாரு இருந்தவரைக்கும் என்னைய மதுரை தாண்டிக் கூட்டிட்டுப் போனதில்ல. எம்மகன் ஆகாசத்துல கூட்டிட்டுப் போறான்" என்று அக்காவிடம் தினமும் ஒருமுறை. அக்காவும் தினமும் புதிதாகக் கேட்பது மாதிரி "அப்படியாங்கத்த!" என்பாள். எனக்கு அந்த நடிப்பெல்லாம் வராது.

காதுகுத்துப் பத்திரிகை வைக்கப் பங்காளி வீட்டுக்காரர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். ஹால் நிறைய ஆள். மச்சானும் இருந்தார். யாரோ ஒரு அம்மா என்னைப் பார்த்து, "தாய்மாமனும் சிங்கப்பூர் போறானா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை சொன்னார், "இவன் எதுக்கு? பெத்த தாய விட்டுட்டு மச்சினனக் கூட்டிட்டா போவான் எம்மகன்? அவனுக்கு அம்மான்னா உசுரு. அம்மா இல்லாம நான் ஏறவே மாட்டேன்னு ஒரே பிடிவாதம்."

இதை நான் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டுமாம்.

சொன்னேன். சத்தம்கூடப் போடவில்லை. "க்யூவுக்குத்தான் உங்களக் கூட்டிட்டுப் போறாங்க அத்தை. நீங்க வீல்சேர்ல உக்காந்தா கூட இருக்கறவங்களுக்கு க்யூ இல்லையாம். மச்சான் போன்ல சொன்னாரு."

பங்காளிப் பையன் ஒருவன் க்ளுக் என்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். மச்சான் முகம் கன்றிவிட்டது. "பொய் சொல்றாம்மா. பொறாம பிடிச்ச நாயி" என்று எழுந்து வந்தார். அக்கா நடுவில் வந்து நின்றாள். அத்தை சோபாவில் உட்கார்ந்தபடியே, குனிய முடியாமல் குனிந்து, காலில் போட்டிருந்த ஷூவைக் கழற்ற ஆரம்பித்தார். கயிறு முடிச்சு விழுந்துவிட்டது போல. ஒருவரும் போய் உதவவில்லை. கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, "நான் வரலை" என்றார்.

அதற்கப்புறம் அக்கா வீடு வீடாக இல்லை. அத்தை மகனிடம் பேசவில்லை. மகன் அக்காவிடம் பேசவில்லை. அத்தைக்கு அவர் அறையிலேயே சாப்பாடு, அதை அக்கா கொண்டுபோய் வைக்க வேண்டும், அத்தை தட்டைத் தள்ளிவிட்டு, "நீ சொல்லிக் குடுக்காம உன் தம்பிக்கு இது எப்படித் தெரியும்?" என்பாராம். அக்காவுக்குத் தெரியவே தெரியாது! நான் போய், அவளுக்குத் தெரியாது என்று சொல்கிறேன் என்றேன். "நீ இனிமே ஒண்ணுமே சொல்லாத லோகு, கும்புட்டுக்கறேன்" என்றாள். அவளுக்காகத்தான் அண்ணே இவ்வளவும். அவளை ஒரு மனுஷியாக மதிக்காத வீடு அது. நான் கேட்கவில்லை என்றால் யார் கேட்பார்கள்? அப்பா இல்லை. அம்மாவுக்கு அந்த வாசலைக் கண்டாலே குரல் கம்மிவிடும்.

மச்சான் எங்கள் அம்மாவுக்கு ஆளிடம் சொல்லி அனுப்பினார். கோயிலில், எல்லோரும் பார்க்க, நான் அத்தை காலில் விழ வேண்டும். விழுந்து, "நான் சொன்னது பொய்" என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் மனையில் உட்காரலாம். இல்லை என்றால் பங்காளி ஒருவன் மடியில் வைத்துக் காது குத்திக்கொள்வாராம். அப்படிச் செய்தால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். பொறந்த வீடே இல்லாதவள் என்று அக்காவைச் சாகிற வரைக்கும் பேசுவார்கள்.

அம்மா அழுதாள். "ஒரு வார்த்தைதானடா." ஒரு வார்த்தைதான். அந்த ஒரு வார்த்தை பொய். வேறு எது சொன்னாலும் சொல்லியிருப்பேன். பெரியவங்க, தெரியாமப் பேசிட்டேன் என்பதுகூடச் சொல்லியிருப்பேன். சரி, சொல்லியிருக்க மாட்டேன். தெரிந்துதானே பேசினேன்.

இன்றைக்குக் காலையில் சீர்த்தட்டோடு மேளம் அடித்துக்கொண்டு போனோம். வேட்டி கட்டிவிட்டார்கள். சந்தனம் பூசினார்கள். ஆதிரன் ஓடிவந்து என் விரலைப் பிடித்துக்கொண்டு, "ஊசி வலிக்குமா மாமா?" என்றான். வலிக்கும் என்றேன். "நீ இறுக்கிப் பிடிச்சுக்குவியா?" என்றான். அதற்குள் மச்சான் காதுக்குப் பக்கத்தில் வந்து, "ஞாபகம் இருக்குல்ல மாப்ள?" என்றார்.

பந்தல் ஓரத்தில் அத்தை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நல்ல பட்டுச் சேலை. சொந்தக்காரர்கள் எல்லாம் அவரைச் சுற்றி நின்றார்கள், வேடிக்கை பார்ப்பதற்கென்றே. அவர் என்னைப் பார்த்தார். அப்போதுதான் அண்ணே எனக்கு ஒன்று விளங்கியது. அவருக்குத் தெரியும். நான் சொன்னது உண்மை என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தன் மகனை அவருக்குத் தெரியாதா? தெரிந்துகொண்டே, நான் வந்து பொய் என்று சொல்வேன் என்று காத்துக்கொண்டிருக்கிறார். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, போட்டோவுக்கு உட்கார்ந்திருப்பவர் மாதிரி. உண்மை தெரிந்த ஆளுக்குப் பொய் எதற்கு? எனக்கு அது இன்னும் விளங்கவில்லை. இப்படியுமா ஒரு பொம்பளை!

ஒன்றுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு ரோட்டுக்கு வந்தேன். அதுவும் பொய் இல்லை, போனேன். அப்புறம் பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

இந்த போன் வேறு. மச்சான். அம்மா. மறுபடியும் மச்சான். எடுக்க மாட்டேன். எடுத்தால் கத்துவார்கள், நானும் கத்துவேன், பஸ்ஸில் தூங்குகிறவர்கள் எழுந்துவிடுவார்கள். இது அக்கா. என்ன, எடுக்கச் சொல்கிறீர்களா? உங்களுக்காக எடுக்கிறேன். ஒரு நிமிஷம்.

...

வைத்துவிட்டாள். இல்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை.

காலில் விழ வேண்டாமாம். ஒன்றும் சொல்லவும் வேண்டாமாம். அத்தையே சொல்லிவிட்டாராம், "அவன் ஒண்ணும் சொல்ல வேண்டாம், வந்து உக்காரச் சொல்லு, நேரம் போகுது" என்று. ஆதிரன் தலையை நனைத்துவிட்டார்களாம். நனைத்த பிறகு வேறு யார் மடியிலும் உட்கார மாட்டேன் என்று மனையில் தனியாக உட்கார்ந்திருக்கிறானாம். நாவிதர் கத்தியை வைத்துக்கொண்டு நிற்கிறாராம். மாமா ஒன்றுக்குப் போயிருக்கு, வந்துரும் என்று எல்லோரிடமும் அவனே சொல்லிக்கொண்டிருக்கிறானாம். "எந்த ஊருகிட்ட வந்திருக்க?" என்று கேட்டாள். வேலம்பட்டி வரப்போகிறது என்றேன். "வேலம்பட்டிப் பிரிவுல எறங்கி எதுத்த பக்கம் நில்லு லோகு. கார் கிளம்பிருச்சு. எறங்கி நின்னாப் போதும்டா, வேற ஒண்ணுமே செய்ய வேண்டாம்" என்றாள்.

இறங்கி நின்றால் போதுமாம்.

இப்போது மட்டும் எப்படி வேண்டாம் என்றார்கள்? காலையில் வேண்டும், இப்போது வேண்டாமா? அப்படியென்றால் நான் சொன்னது உண்மை என்று ஒத்துக்கொண்டார்கள் என்றுதானே அர்த்தம்? அதைச் சொல்ல வேண்டியதுதானே? ஒரு ஆள் சொல்லவில்லையே. மச்சானும் சொல்லவில்லை. சும்மா வா, உட்கார். எனக்கு மடி மட்டும்தான் இருக்கிறதா?

இதுதான் வேலம்பட்டிப் பிரிவா? ஆமாம், போர்டு தெரிகிறது. புளியமரம், டீக்கடை.

நீங்கள் எதற்கு அண்ணே காலை ஒதுக்குகிறீர்கள்? இறங்குகிறேன் என்று உங்களிடம் சொன்னேனா? அக்காவிடமும் சொல்லவில்லை. சரி என்று சொல்லவே இல்லை, நீங்கள் பக்கத்தில்தானே இருந்தீர்கள். கேட்டுக்கொண்டுதானே இருந்தீர்கள்.

ஏறுகிறவர்கள் எல்லாம் ஏறிவிட்டார்கள். கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். காலை நீட்டிக்கொள்ளுங்கள் அண்ணே.